சிலுப்பாத கிடா

மாவ்பியில் செம்மறி நிற்காது என்று புஷ்பாவிடம் சொல்லாத ஆள் இல்லை. மாட்டு வைத்தியர் சொன்னார். சந்தையில் கீரை விற்கும் பர்மாக்காரி சொன்னாள். புருஷன் மாரிச்சாமி தினம் இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன் மாத்திரை போடுவதுபோலச் சொன்னார். வருஷத்தில் ஆறு மாதம் வானம் ஓட்டையாய்க் கிடக்கிற யாங்கோன் பக்கம் இது. செம்மறியோ மேலே மெய்த்திலா போன்ற வறண்ட மண்ணில் மேய்கிற சாதி. ஈரத்தில் குளம்பு அழுகும், ரோமத்தில் பேன் பிடிக்கும், சளி கட்டிச் சாய்ந்துவிடும். எல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையைச் சொன்னால் புஷ்பா கேட்டுக்கொள்வாள் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

"நிக்காதுன்னா உக்காரட்டும்," என்றாள். ஆறு பெட்டை ஆடுகளை வாங்கிக்கொண்டு வந்து கட்டினாள்.

அதற்கு முன் பதினோரு வருஷம் அவள் யாங்கோன் நகருக்குள் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் சமையல்காரி. அந்த வீட்டம்மா காலையும் மாலையும் தகர டப்பாவிலிருந்து உப்புத்தண்ணீரில் மிதக்கிற ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்துத் தின்பாள். ஆட்டுப்பால் சீஸ். கடல் தாண்டி வரும் அந்தக் கட்டிக்குக் கொடுக்கிற விலையில் இங்கே ஒரு குடும்பம் ஒரு வாரம் சாப்பிடலாம். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடு கலைந்தபோது அந்தக் குடும்பம் பெட்டி கட்டியது. போகிற போக்கில் புஷ்பா கையில் மூன்று மாதச் சம்பளத்தைத் திணித்துவிட்டுப் போனது. மீன் குழம்பில் சேமியா போட்டுத் தருகிற மொஹிங்கா கடை போடு என்றார்கள் எல்லோரும். மாவ்பியில் தடுக்கி விழுந்தால் மொஹிங்கா கடையில்தான் விழ வேண்டும், அங்கே இன்னொன்று எதற்கு? அவள் ஆடு வாங்கினாள்.

முதலில் மழையோடு மல்லுக்கு நின்றாள். வீட்டுக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்கு மூங்கில் பரண் அடித்தாள். புழுக்கை கீழே விழ இடுக்கு விட்டு, நாலு பக்கமும் காற்றுப் போக விட்டு, மேலே தகரம் போட்டாள். மேய்ந்து வந்த ஒவ்வொரு ஆட்டுக்கும் வேப்பிலையும் மஞ்சளும் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைக் கழுத்திலிருந்து குளம்புவரை ஊற்றுவாள். பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பு இடுக்கை விரலால் துடைத்துப் பார்ப்பாள். முதல் வாரம் ஆடுகள் திமிறி அவளைச் சேற்றில் உருட்டின. அப்புறம் அடங்கிவிட்டன. மழை வந்தாலும் வெயில் வந்தாலும் இந்தக் குளியல் ஒருநாள் தவறியதில்லை. அந்த வருஷம் ஒரு குளம்புகூட அழுகவில்லை. மாட்டு வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, இது ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்றார். அவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பினாள்.

சீஸ்தான் அவளைப் படாத பாடு படுத்தியது. எலுமிச்சை பிழிந்து திரித்தால் பன்னீர் வந்தது, உப்புத்தண்ணீரில் போட்டதும் கரைந்து கஞ்சியாயிற்று. கரண்ட் இருக்கிற நாலு மணி நேரத்தில் போனில் வீடியோ பார்ப்பாள். புரிகிற இடம் வரும்போது கரண்ட் போய்விடும். பால் குடிக்கிற குட்டியின் இரைப்பையை உப்புப் போட்டுக் காயவைத்து, அதில் ஒரு துண்டை ஊறவைத்த தண்ணீர்தான் பாலைச் சரியாக உறையவைக்கும் என்று கடைசியில் பிடிபட்டது. அந்த இரைப்பையைத் தேடிப் போனபோதுதான் சஜிதா கிடைத்தாள்.

யாங்கோன் நகரின் க்யிம்யிண்டைங் சந்தையில் பருப்பும் மசாலாவும் விற்கிறவள் சஜிதா. அவளுடைய பாட்டன் காலத்தில் கடல் தாண்டி வந்து கடை போட்ட குடும்பம். அண்ணன் அதே சந்தையில் கறிக்கடை வைத்திருக்கிறார். இரைப்பை கொடுத்தவள், அடுத்த மாதம் அதில் உறைந்து வந்த கட்டியைத் தின்று பார்த்துவிட்டு இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

"மா பான், இத யாருக்கும் கொடுக்காத. எனக்கு மட்டும் கொடு," என்றாள். பர்மாக்காரர்கள் புஷ்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், மா பெண்ணுக்குப் போடும் மரியாதை, பான் என்றால் அவர்கள் பேச்சில் பூ. சஜிதாவுக்கும் அதுவே வாயில் வந்தது.

கட்டியை மூங்கில் கூடையில் துணி போட்டு வடித்து, அம்மிக்கல் ஏற்றி அழுத்தி, உப்பு தடவி, துவாந்தே ஊர் மண் ஜாடியில் உப்புத்தண்ணீருக்குள் இறக்கினால் மூன்று மாதம் அசையாமல் இருக்கும். ஐஸ்பெட்டி வேண்டாம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சாமிக்கே தெரியாத ஊரில் இதைவிடத் தோதான பண்டம் ஏது? பெரிய ஓட்டல்காரர்கள் தேடி வந்தார்கள். சந்தைக்கு வருகிற இளம்பெண்கள் தக்காளியும் வெங்காயமும் கலந்த அத்தோவில் உதிர்த்துப் போட்டுப் பிசைந்து தின்றுவிட்டு மறுநாளும் வந்தார்கள். வாரம் ஒருமுறை ரயிலில் ஜாடியோடு போய், காலி ஜாடியோடு திரும்பினாள் புஷ்பா. நிற்காது என்று சொன்னவர்கள் இப்போது, பால் போதாதே என்றார்கள். அதிலும் உண்மை இருந்தது. ஒரு ஆடு அரை லிட்டர் கறந்தால் அன்றைக்குப் பண்டிகை.

அந்தக் குறையைத் தீர்த்தது மெய்த்திலா. கிடாவுக்கு அதுதான் பெயர், வந்த ஊரின் பெயர். செம்பழுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைக் கீற்று, யாரையும் மதிக்காத ஒரு பார்வை. ஆடுகள் வந்த மறுமாதம் லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்து இறக்கியது. அதற்குப் பிறந்த பெட்டைக் குட்டிகள் வளர்ந்து ஈன்று மடி இறக்கியபோது புஷ்பா அளந்த பாத்திரத்தை இரண்டு தரம் பார்த்தாள். ஒவ்வொன்றும் முக்கால் லிட்டர். தாய் கறக்காததை மகள் கறந்தது. அப்படியானால் வித்து கிடாவினுடையது.

இது தெரிந்த அன்று அவளுக்குச் சந்தோஷம் பாதி, வயிற்றெரிச்சல் பாதி. அதுவரை பிறந்த ஆண் குட்டிகளை எல்லாம் சஜிதா வழியாக பக்ரீதுக்கு விற்றுத் தள்ளியிருந்தாள். மெய்த்திலாவுக்கு வாரிசு ஒன்றுகூட மிச்சமில்லை. அதன் மகள்கள் கவனிக்காத நேரத்தில் ஒரு தரம் அதற்கே சினையானது போதும், மறுபடி விட முடியாது, ஆடானாலும் முறை முறைதான். மேலேயிருந்து இன்னொரு கிடா கொண்டுவரலாம் என்றால், நாடு இருக்கிற இருப்பில் ஆடு ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் வர எந்த லாரிக்காரரும் தயாராக இல்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. முதலில் வாங்கிய ஆறில் ஐந்து இன்னும் உயிரோடு இருந்தன. அவை இந்தத் தை மாசியில் பருவத்துக்கு வரும். மெய்த்திலாவோடு சேர்த்து ஒரு ஆண் குட்டியாவது எடுத்து வளர்த்து, அதன் தாயை விட்டு மற்றப் பழைய ஆடுகளோடு சேர்த்துவிட வேண்டும். அப்புறம் மந்தை தன் காலில் நிற்கும். அவளும்தான்.

தை பிறந்த நாலாம் நாள் கார்த்திகேசன் வீட்டுக்கு வந்தார். மாவ்பித் தமிழர்களுக்கு அவர் பர்மா வழக்கில் ஊ கார்த்தி, பெரியவர் கார்த்தி. இரண்டு நெல் லாரிகளும், வயல்வெளி முனீஸ்வரன் கோயிலின் தலைவர் பதவியும் உள்ளவர். டீ குடித்தார். கிடாவைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லா வளத்திருக்க. தை கடைசி வெள்ளி பூச. அதுக்கு முந்தி கிடாவைக் குளிப்பாட்டி வச்சிரு புஷ்பா," என்றார்.

"எந்தக் கிடாங்க?"

"இதான். முனீஸ்வரனுக்கு நேந்துவிட்ட கிடா."

புஷ்பா திரும்பி மாரிச்சாமியைப் பார்த்தாள். மாரிச்சாமி தரையில் ஒரு எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அந்தப் பொல்லாத வருஷம் ஆடி மாதம், மூச்சுக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு ஆளைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, பஸ் கண்டக்டராயிருந்த மாரிச்சாமியும் படுத்தார். புஷ்பா ஆக்சிஜன் சிலிண்டருக்காக விடிய விடிய வரிசையில் நின்றாள். அவள் வெளியே நின்ற நேரத்தில் இவர் வீட்டுக்குள் படுத்துக்கொண்டு போனில் கார்த்திகேசனைக் கூப்பிட்டு, பிழைத்தால் வீட்டுக் கிடாவை முனீஸ்வரனுக்கு வெட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். கார்த்திகேசன் அந்த வாக்கை மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி காலடியில் வைத்துவிட்டார். அடுத்த வருஷங்களில் திருவிழா இல்லை, கூட்டம் கூடாது என்றிருந்தது. மாரிச்சாமியும், மறந்துவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டார். அவருக்கு யாரிடமும் எதையும் சொல்ல வராது. கண்டக்டராயிருந்தபோது டிக்கெட் வாங்காதவனிடம் காசு கேட்கக் கூச்சப்பட்டுத் தன் பையிலிருந்து போட்ட மனிதர். இப்போது நுரையீரல் பாதியாகி, பஸ்கள் புறப்படும் கேட்டில் உட்கார்ந்து வண்டி வரும் நேரத்தைக் குறிக்கிறார்.

"கடைத் தேங்காய எடுத்து வழிப் பிள்ளையாருக்கு ஒடச்ச கதையா இருக்கு," என்றாள் புஷ்பா. "நா சம்பாரிச்சு வாங்குன கிடாவ நேந்துக்க இவரு யாரு? நேரணும்னா தன்னோடத நேரட்டும். வேற ரெண்டு வெள்ளாட்டுக் கிடா வாங்கித் தாரேன். வெட்டுங்க. நானும் வந்து கறி திம்பேன். இத விட்டுருங்க."

"நேந்தது எதுவோ அதான். மாத்திக் கொடுக்க இது என்னா சட்டையா?"

"அப்ப முடியாதுங்க."

கார்த்திகேசன் எழுந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கஷ்டம். "அதே மாசம் என் தம்பிக்கும் நா நேந்தேன் புஷ்பா. ஒண்ணுக்கு ரெண்டா நேந்தேன். சாமி அவன எடுத்துக்கிச்சு. உன் புருஷன விட்டு வச்சிச்சு. விட்டு வச்சதுக்குக் கேக்குமா, கேக்காதா?"

அந்தத் தம்பியை அவளுக்குத் தெரியும். சிலிண்டர் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர் கார்த்திகேசன்தான். அவருக்குக் கிடைத்த சிலிண்டர் வீடு போய்ச் சேர்வதற்குள் தம்பி முடிந்துபோனான். அதை நினைத்து அவள் மனம் இளகியது. இளகியது வேறு, கிடாவைக் கொடுப்பது வேறு.

"உங்க தம்பிக்கு நானும் அழுதேங்க. கிடா கெடையாது," என்றாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் ஊர் அவளை வறுத்து எடுத்தது. குழாயடியில் அவள் போனதும் பேச்சு நின்றது. சாமி குத்தம் என்றார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லாததற்கும் இப்போதுதான் காரணம் கண்டுபிடித்தவர்கள் போலத் தலையாட்டிக்கொண்டார்கள். பூசைக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கு எல்லாம் செம்மறிக் கறி என்று முன்பே சொல்லிவைத்த இரண்டு பேர் வந்து, பாவம் இந்த மழை ஊரில் அந்தக் கிடா எத்தனை நாள் கஷ்டப்படும் என்று உருகினார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். புஷ்பா அவர்களுக்கு டீகூடக் கொடுக்கவில்லை.

வீட்டுக்குள் மாரிச்சாமி ஒவ்வொரு முறை இருமும்போதும் கூரையைப் பார்த்தார். சாமி கேட்கிறது என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது.

"கொடுத்துரு புஷ்பா. எனக்கு பயமா இருக்கு," என்றார் ஒருநாள்.

"பயந்துக்கங்க. அதுக்கு யாரு உத்தரவு கேட்டா? கிடாவ மட்டும் தொடாதீங்க."

சஜிதா ஒரு யோசனை சொன்னாள். பூசை முடிகிற வரைக்கும் கிடாவை க்யிம்யிண்டைங்குக்கு ஓட்டிவந்து அவள் அண்ணன் கடைக்குப் பின்னால் கட்டிவைக்கலாம் என்றாள்.

"கறிக்கடையில கொண்டாந்து கிடாவக் காப்பாத்தச் சொல்றியா?"

இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் புஷ்பா, "வேண்டாம் மா சஜி. திருடிட்டு வந்த கிடாவா, ஒளிச்சு வைக்க? என் கிடா என் வீட்டுலதான் நிக்கும்," என்றாள். அந்த வீம்புதான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

தை கடைசி வெள்ளி. விடியும் முன் எழுந்து பால் கறந்தாள். மெய்த்திலாவின் மகள்கள் வரிசையாக வந்து நின்று கொடுத்தன. பாலை வடிகட்டி, விரல் பொறுக்கும் சூட்டில் வைத்து, இரைப்பை ஊறிய தண்ணீரைக் கலந்து மூடினாள். முக்கால் மணி நேரத்தில் பால் பாளமாக உறையும், அப்போது கத்தி போட வேண்டும். அதற்குள் கிடாவுக்குத் தழை போடலாம் என்று பரணின் மறுபக்கம் போனாள். முளையில் கயிறு இல்லை. கிடாவும் இல்லை. வாசலில் மாரிச்சாமியின் செருப்பும் இல்லை.

அவள் ஓடிய ஓட்டத்தை மாவ்பி அதுவரை பார்த்ததில்லை. கையில் பால் காயவில்லை, தலையில் முடிச்சு அவிழ்ந்து தொங்குகிறது, கைலியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பு மேல் ஓடினாள். வழியில் யாரோ கேட்டதற்குச் சொன்ன வார்த்தை இங்கே எழுதத் தக்கதில்லை.

கோயிலில் அறுபது எழுபது பேர். அரச மரத்தடியில் மீசை முறுக்கிய முனீஸ்வரன், எதிரே மாலை போட்ட மெய்த்திலா. கயிறு மாரிச்சாமி கையில் இருந்தது. புஷ்பாவைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. அவள் பாய்ந்தபோது கார்த்திகேசன் குறுக்கே வந்தார். அவர் கையில் அரிவாள் இருந்தது, ஆனால் அதைத் தாழ்த்தித்தான் பிடித்திருந்தார்.

"சாமி காரியத்துல கை வைக்காத. நாங்க என்னா கண்ண மூடிக்கிட்டா வெட்டுறோம்? கேட்டுத்தான் வெட்டுவோம். சிலுப்புனா சாமி கேக்குதுன்னு அர்த்தம். சிலுப்பலன்னா வேணாங்குது. நீயே நின்னு பாரு."

அது எல்லோருக்கும் தெரிந்த முறை. மஞ்சள் தண்ணீரில் வேப்பிலை போட்டுக் கிடாவின் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலுப்பிக்கொண்டால் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு. சிலுப்பாத கிடாவை வெட்டக்கூடாது. சிலுப்பாத கிடா என்று ஒன்றை அங்கே யாரும் பார்த்ததும் இல்லை. ஈரம் பட்டால் எந்த ஆடுதான் உதறாது?

பூசாரி முதல் சொம்பை ஊற்றினார். மெய்த்திலா நின்றது. இரண்டாவது சொம்பு. தண்ணீர் நெற்றிக் கீற்றில் வழிந்து மூக்கில் சொட்டியது. கிடா கண்ணை ஒருமுறை மூடித் திறந்தது, அவ்வளவுதான். மூன்றாவது சொம்பை நடு முதுகில் பார்த்து ஊற்றினார். மெய்த்திலா மெல்ல வலது முன்னங்காலை மடக்கி, பூசாரி பக்கமாகத் தூக்கிக் கொடுத்தது.

"ஆசீர்வாதம் பண்ணுதுடி!" என்று ஒரு பெண் கத்தினாள். பூசாரி சொம்பைக் கீழே வைத்தார். நாலு பேர் கும்பிட்டார்கள். பின்னாலிருந்து ஒருவன், காதுக்குள் ஊற்றினால் தன்னால் சிலுப்பும் என்று சொம்போடு வந்தான். புஷ்பா தட்டிய தட்டில் சொம்பு மரத்தடியில் போய் உருண்டது.

கார்த்திகேசன் மட்டும் சாமியையும் கிடாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வெட்ட வேணாங்குது. இனி இது சாமி கிடா. கோயில்லயே நிக்கட்டும். வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகக் கூடாது, பெட்டையோட சேக்கக் கூடாது. ஊரே சோறு போடுவோம்."

கூட்டம் ஆமாம் என்றது. புஷ்பாவின் பக்கத்தில் நின்றவள், "பாத்தியா, உன் கிடா பொழச்சிருச்சு," என்று தோளைத் தட்டினாள். பிழைத்ததுதான். மாலை போட்டுக்கொண்டு மரத்தடியில் கிழடு தட்டும், ஒரு குட்டிக்கு அப்பனாகாது. வெட்டியிருந்தால் ஒரே நாளில் போயிருக்கும், இது தினம் தினம் போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் கிடாவுக்கு உயிர் மிச்சம். புஷ்பாவுக்கு வாயை மூடத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"சாமியும் இல்ல, ஆசீர்வாதமும் இல்ல," என்றாள் உரக்க. "நா தெனமும் அவனுக்கு மஞ்சத் தண்ணியும் வேப்பிலையும்தான் ஊத்துறேன். குளம்பு அழுகாம இருக்க. மூணரை வருசமா ஊத்துறேன். ஊத்துனா கால் பாப்பேன்னு அவனுக்குத் தெரியும், அதான் தூக்கிக் கொடுக்குறான். இதுல சாமிய இழுக்காதீங்க."

சிலர் சிரித்தார்கள். சிலருக்கு முகம் சுண்டியது. கும்பிட்ட கை கும்பிட்டபடி நின்றதில் கார்த்திகேசனுக்குத்தான் அவமானம் அதிகம். அவர் குனிந்து அரிவாளை எடுத்தார்.

"அப்பச் சாமி இன்னும் பதில் சொல்லல. மஞ்சள் வேண்டாம். ராத்திரி முழுக்கப் பனியில கெடந்த தொட்டித் தண்ணிய மொண்டு வாங்கடா. பச்சத் தண்ணி ஊத்திக் கேப்போம்."

தை மாதத்துப் பனியில் குளிர்ந்த தொட்டித் தண்ணீர். தவலையில் கொண்டுவந்து வைத்தார்கள். அது பட்டால் கல்லே உதறும் என்று புஷ்பாவுக்குத் தெரியும்.

"எத்தன தடவ கேப்பீங்க? நீங்க நெனைச்ச பதில் வர்ற வரைக்குமா? இது என் கிடா. நா நேரல."

"நேந்தது உன் புருஷன். புருஷன் வாக்கு பொண்டாட்டியையும் சேத்துத்தான்."

புஷ்பா மாரிச்சாமியிடம் திரும்பினாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அழுகை வந்துவிட்டது, அதைத் துடைக்கவும் இல்லை. "சொல்லுங்க. இத்தன பேரு முன்னால சொல்லுங்க. யாரு கிடா இது?"

மாரிச்சாமி கயிற்றைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார். யாரும் அவர் பதிலை எதிர்பார்க்கவில்லை, அவரிடம் யாரும் எப்போதும் எதிர்பார்த்ததில்லை. பூசாரி தவலையைத் தூக்கக் குனிந்தார். மாரிச்சாமி கயிற்றைப் புஷ்பாவின் கையில் வைத்தார். இரண்டடி வைத்துப் போய், பூசாரியை விலக்கி, தவலையைத் தானே தூக்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

தண்ணீர் சட்டையோடு கைலியோடு இறங்கியது. பாதி நுரையீரல் உள்ள உடம்பு. தலையிலிருந்து கால்வரை ஒரு உலுக்கு உலுக்கியது. பல் தந்தியடித்தது. நிற்க முடியாமல் நின்று, கார்த்திகேசன் முன்னால் வந்து குனிந்தார்.

"நேந்தது நான். என் உசுருக்குத்தான் நேந்தேன். கிடா அவளோடது. அந்த வீட்டுல என்னோடதுன்னு இருக்குறது இது ஒண்ணுதான்." கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "சிலுப்பிட்டேன் ஊ கார்த்தி. வெட்டுங்க."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். மாரிச்சாமி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நடுங்கிக்கொண்டே இருந்தார். ஒரு இருமல் வந்தது, அதையும் குனிந்தபடியே இருமினார். கார்த்திகேசன் அந்த நனைந்த பிடரியைப் பார்த்தார். அந்த வருஷம் பிழைத்த கழுத்து அது, அவர் தம்பிக்குக் கிடைக்காத உயிர் அதில் ஓடியது. அவர் உதடு கோணியது. அரிவாளைப் பூசாரி கையில் கொடுத்துவிட்டு முகத்தைச் சாமி பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கூட்டிட்டுப் போ," என்றார். "சளி பிடிச்சுச் சாவப் போறான்."

புஷ்பா கிடாவின் மாலையைக் கழற்றி முனீஸ்வரன் காலடியில் போட்டாள். இடுப்பில் செருகியிருந்த துண்டை உருவி மாரிச்சாமியின் தலையைத் துவட்டினாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதர் மேல் அவளுக்குக் கர்வம் வந்தது. அதை அங்கே சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. பால் உறைந்து கத்திக்குக் காத்திருக்கும்.

கூட்டம் வழி விட்டது. மரத்தடியைத் தாண்டும்போது பின்னாலிருந்து கார்த்திகேசனின் குரல் வந்தது. தோற்ற மனிதரின் குரல்.

"இனிமே உங்க வீட்டுல கோயில் வரி வாங்க மாட்டோம். தெரிஞ்சுக்க."

வரி வாங்காத வீடு கோயிலுக்கு வேண்டாத வீடு. மாவ்பியில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. மாரிச்சாமி நடையை நிறுத்தினார். புஷ்பா நிறுத்தவில்லை, ஒரு கையில் கயிறும் ஒரு கையில் புருஷனுமாகத் தலையை மட்டும் திருப்பினாள்.

"வாங்காதீங்க. நானே கொண்டாந்து உண்டியல்ல போடுவேன். சாமியும் நானும் சண்ட போட்டுக்கல. எவன் தடுக்குறான்னு பாக்குறேன்!"